படகில் போகிறவருக்கு எந்த பைனாகுலர்?

போன ஞாயிற்றுக்கிழமை ஹற்றன் மரக்கறிச் சந்தையில் ஒரு லீக்ஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள்.

"சேர், நீங்கதானே பேப்பர்ல எழுதுற கண்ணாடிக் கடைக்காரர்?"

ஆமாம் என்றேன். பெயர் பிரதீபன் என்றார். ராகலைக்காரர், ஒரு வங்கிக் கிளையில் வேலை. நானும் நண்பரும் சேர்ந்து படகு வாங்கிய கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு அவரும் ஒரு சின்னப் படகு வாங்கிவிட்டாராம். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் படகு. இனி பைனாகுலர் ஒன்றுதான் பாக்கி.

"எது நல்லது சேர்? ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா...

லென்ஸைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுகிறவன். சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். ஆனால் அன்று, லீக்ஸைத் தராசில் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். கடைப்பக்கம் வாருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறகு வந்தார். சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படகு நண்பர் யேசுதாசனைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு: வட்டகொடையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் பரிசோதிக்க என் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்கினார். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வேலையே இல்லாமல், டீ குடிப்பதற்காக வரத் தொடங்கினார். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். எனக்குப் பறவைகளைவிட, 'பவர் கூடிருச்சா சேர்?' என்று யாரும் கேட்காத ஓர் இடம் தேவைப்பட்டது. ஹோட்டல் ஒன்று தன்னுடைய பழைய இருவர் படகை விற்றபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கினோம். புதன்கிழமைக் காலைகளில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்குவோம். அவர் முன்னால், நான் பின்னால். அன்றைக்குக் கடை மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும்.

பைனாகுலர் வாங்கக் கண்டிக்குப் போனோம். மாடியில் இருந்த கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஒன்றை முதலில் கொடுத்தார்கள். ஜன்னலோரம் போய்ப் பார்த்தோம். எதிர்மலை கொஞ்சம் கிட்ட வந்தது... அவ்வளவுதான். இதற்கா கண்டி வரைக்கும் பஸ் ஏறினோம் என்றிருந்தது.

அடுத்தது பதினாறு மடங்கு. தூக்கினால் ஒரு சிறிய பூசணிக்காயின் கனம். ஆனால் என்ன காட்சி. எதிர்மலையில் ஒரு வீட்டு மொட்டைமாடி, அதில் காய்ந்துகொண்டிருந்த சட்டை, அந்தச் சட்டையின் பொத்தான். யேசுதாசன் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பொத்தான் குறைகிறது என்றார். அங்கேயே முடிவாகிவிட்டது. கூடுதல் பவர் கேட்டு அடம் பிடிக்கிற வாடிக்கையாளர்களைத் தினமும் திருத்தி அனுப்புகிற நான் — பணப்பையை எடுத்தேன்.

ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டுதான் அந்தப் பொத்தானைப் பார்த்தோம். படகில் ஜன்னல் கட்டை ஏது?

அடுத்த புதன்கிழமையே தெரிந்துவிட்டது. படகு ஆடும். அதில் உட்கார்ந்திருக்கிற நாம் ஆடுவோம். துடுப்புப் போட்ட கை நடுங்கும். பைனாகுலர் பறவையை மட்டுமா பெரிதாக்குகிறது? இந்த ஆட்டம் அத்தனையையும் அதே பதினாறு மடங்கு பெரிதாக்குகிறது. நீர்க்காகம் ஒன்று மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும். கழுத்து தெரியும். பிறகு வானம். பிறகு தண்ணீர். மறுபடி தேடினால் கட்டை மட்டும் இருக்கும். போதாததற்குக் கண் கொஞ்சம் விலகினாலே படத்தில் பாதி கறுத்துப்போகும். யேசுதாசனுக்குத் தலை சுற்றி, ஒரு நாள் வாந்தியே வந்துவிட்டது.

சிரித்தோம். மாற்ற வேண்டும் என்றோம். அடுத்த தடவை கண்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மழைக்காலம் வந்தது, போனது. பைனாகுலர் அதேதான்.

பிறகு அந்தப் புதன்கிழமை.

கொஞ்சம் காற்று இருந்தது. நாங்கள் வழக்கமாக இறங்குகிற பக்கத்தில் பஸ் பாதை ஓடுகிறது. எதிர்க்கரையில் தேயிலை மலை தண்ணீர் வரைக்கும் சரிந்து இறங்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ டவுனுக்கோ போக வேண்டுமென்றால் தோட்டத்து ரோட்டில் மேலே ஏறி, நீர்த்தேக்கம் முழுவதையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். குண்டும் குழியுமான ரோடு. அந்த மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் பறிப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பறவை பார்க்கப் போனவர்கள் அல்லவா?

யேசுதாசன் பைனாகுலரைக் கரையோரமாக ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பெண்கள் ஏதோ கை காட்டுகிறார்கள் என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

நான் பார்த்தேன். படம் குதித்தது. ஒரு சிவப்புச் சேலை. ஒரு கூடை. தலைக்கு மேலே தூக்கிய இரண்டு கைகள். பிறகு தண்ணீர். மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் வேறு யாருடையதோ கை. ஒரு ஆள் முழுதாக அந்த வட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒரு முகமும் நிற்கவில்லை.

"நமக்குத்தான் காட்டுறாங்க போல," என்றேன்.

யேசுதாசன் சிரித்தபடி துடுப்பை உயரத் தூக்கி ஆட்டினார். நானும் என்னுடையதைத் தூக்கி ஆட்டினேன். பிறகு படகைத் திருப்பிக்கொண்டு, கழுகு வந்து உட்காரும் பட்டமரத்தைப் பார்க்கப் போய்விட்டோம். போகிற வழியில் பிளாஸ்கைத் திறந்து ஆளுக்கு ஒரு மூடி டீயும் குடித்தோம்.

காற்று திசை மாறியபோதுதான் சத்தம் வந்தது. அது சிரிப்பு அல்ல.

பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். முழு மலையும் தெரிந்தது. வரிசையாகப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் வரிசையில் இல்லை. கூடைகள் சிதறிக் கிடந்தன. எல்லோரும் ஒரே திசையில், தண்ணீரை நோக்கி. சிலர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குளவி.

மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். மற்றவர்களுக்காக: தேயிலைச் செடிக்கடியிலோ மேலே மரத்திலோ கூடு இருக்கும். தெரியாமல் ஒரு கை பட்டாலோ, ஒரு பருந்து மோதினாலோ மொத்தக் கூட்டமும் கிளம்பி வரும். சரிவில் நிற்கிற பெண்கள் எங்கே ஓடுவார்கள்?

அன்றைக்குப் போட்ட துடுப்பை நானோ யேசுதாசனோ வாழ்க்கையில் போட்டதில்லை. கரையை நெருங்கும்போது தலையில் சாக்கைப் போர்த்தியிருந்த, வேலையை மேற்பார்க்கிற கங்காணி ஓடிவந்து, நேரே வராமல் கீழே குடாப் பக்கம் வரும்படி கையைக் காட்டினார். அங்கே குளவி குறைவாக இருந்தது. இரண்டு பேரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள்.

ஒருத்தி தங்கேஸ்வரி. இளவயது. முகம் வீங்கி, கண் மூடிப்போய், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மற்றவர் மாரியாயி, ஐம்பது வயதைத் தாண்டியவர். கைகளிலும் கழுத்திலும் கொட்டுப்பட்ட தடிப்புகள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தங்கேஸ்வரியின் தலையில் போர்த்திவிட்டு, தன் தலையை வெறுமனே விட்டிருக்கிறார். அதைக் கங்காணி பிறகுதான் சொன்னார். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

தோட்டத்து லொறிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது மேலே தேயிலை பெக்டரியிலிருந்து இறங்கி வர வேண்டும். எங்கள் படகில் இருவருக்கு நடுவே ஒரு ஆளைச் சாய்த்து வைக்கலாம். ஒரே ஒரு ஆளை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களை முடிவு செய்ய விடாமல் மாரியாயி முந்திக்கொண்டார்.

"அவள கொண்டு போங்க சாமி. கைப்புள்ளக்காரி. நான் லொறியில வாரேன்."

கொண்டு போனோம். நடுத்தண்ணீரில் யேசுதாசன் போன் எடுத்து, தெரிந்த ஆட்டோக்காரரைக் கரைக்கு வரச் சொன்னார். தங்கேஸ்வரியை ஏற்றி அனுப்பிவிட்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் படகைத் திரும்பவும் எதிர்க்கரைக்கு விட்டோம். பாதி வழியில் மேலே பார்த்தால், தோட்டத்து ரோட்டில் லொறி போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, வந்துவிட்டது என்று யேசுதாசன் சொன்னார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாரியாயி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வழியிலேயே, பேசிக்கொண்டு வந்தவர் சாய்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைப் பிடித்தேன். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். இளவயது டாக்டர், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், சிலருக்கு உடம்பு கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு ஒரேயடியாக விட்டுவிடும். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த முதல் 'பிழைத்திருக்கலாம்' மட்டும்தான் காதில் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனோம். லயத்து வீடுகளுக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். மாரியாயியின் புருஷன் சுப்பையா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கொழும்பில் வேலை செய்யும் மகள் அப்போதுதான் வந்து சேர்ந்து, உள்ளே அழுதுகொண்டிருந்தாள். சுப்பையா எங்களைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். மாரியாயி சொன்னதை அப்படியே சொன்னேன். கைப்பிள்ளைக்காரியைக் கொண்டு போகச் சொன்னதை.

"அவ அப்பிடித்தாங்க," என்றார். கதிரைகளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "ஒங்க ரெண்டு பேரையும் அவளுக்கு நல்லாத் தெரியும். புதன்கிழமைன்னா வீட்டுக்கு வந்து சொல்லுவா, இன்னைக்குக் கண்ணாடிக்காரங்க வந்தாங்கன்னு. முன்னுக்கு இருக்கிறவரு அடிக்கடி தொப்பியைத் தண்ணியில போட்டுட்டுத் தேடுவாருன்னு சொல்லிச் சிரிப்பா."

யேசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தொப்பி அடிக்கடி விழும்தான்.

எத்தனை புதன்கிழமைகள். அந்தப் பெண்களுக்கு எங்களைத் தெரிந்திருந்தது. யார் முன்னால், யார் பின்னால், யாருடைய தொப்பி விழும் என்பதெல்லாம். அவர்கள் எங்களைப் பார்க்க ஒரு பைனாகுலரும் தேவைப்படவில்லை. எங்களுக்கு அவர்களில் ஒருவருடைய பெயர்கூடத் தெரியாது. மாரியாயி என்ற பெயரை நான் முதலில் கேட்டதே குடாக்கரையில், கங்காணி கூப்பிட்டபோதுதான்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதாமலே விட்டிருப்பேன்.

தங்கேஸ்வரி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். குழந்தை மடியில் இருந்தது. முகம் இன்னும் முழுதாக வற்றவில்லை. டீ கொடுத்தாள். எங்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு, குறையாக ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"மொதல்ல நாங்க மேல ரோட்டுக்குத்தாங்க ஓடப் பாத்தோம். மாரியாயி அக்காதான் ஒங்கள பாத்து கையத் தூக்கிக் காட்டுனாங்க. நீங்களும் துடுப்பத் தூக்கிக் காட்டினீங்க. படகு வருது, எல்லாம் தண்ணிக்கு எறங்குங்கடின்னு அக்கா சொன்னாங்க."

டீக் கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் பட்டமரத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம்.

நாங்கள் நேரத்தோடு வந்திருந்தால் இரண்டு தடவை படகை விட்டு இரண்டு பேரையும் கரை சேர்த்திருப்போமே என்று யேசுதாசன் அவளிடம் சொல்லத் தொடங்கினார். தங்கேஸ்வரி குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அவ்வளவு தூரத்துக்கு என்ன தெரியும் ஐயா என்றாள். அவள் சொன்னது எங்களைத் தேற்றுவதற்கு. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்பி வரும்போது யேசுதாசன் பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஹற்றனில் இறங்கும்போது படிக்கட்டில் நின்றபடி சொன்னார்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா ஆபத்து. ரயில நிப்பாட்டுன்னு அர்த்தம். ரயில்வேயில சேந்த ஒடனே அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டு டாட்டா காட்டிருக்கேன்."

பின்னால் இறங்கக் காத்திருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். இறங்கினோம். பார்த்தது நாங்கள் இரண்டு பேரும். 'நமக்குத்தான்' என்று சொன்னது நான்.

பல வாரங்கள் படகு கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது. யேசுதாசன் கடைக்கு வந்தார், டீ குடித்தார், பறவையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கிளம்பும்போது, நாளைக்கு மழை வராது போலிருக்கிறது என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் படகைத் திருப்பிப்போட்டோம்.

சரி, பிரதீபனின் கேள்விக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் அது வேறு ஒரு குறையாகிவிடும்.

படகுக்கு ஏழு மடங்கு போதும். கை நல்ல உறுதி என்றால் எட்டு. அதற்கு மேல் போகாதீர்கள், கடைக்காரர் எந்த மலையைக் காட்டினாலும் சரி. மடங்கு குறைந்தால் நடுக்கம் குறையும், வட்டம் அகலும். ஒரு ஆளின் கையை மட்டும் காட்டாமல், அவர் நிற்கிற இடத்தையும் பக்கத்தில் இருக்கிறவர்களையும் சேர்த்துக் காட்டும். 7x35 அல்லது 7x50 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். முதல் எண் மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம். இரண்டாவதை முதலால் வகுத்து ஐந்துக்குக் குறையாமல் வந்தால், படகு ஆடும்போது கண் கொஞ்சம் விலகினாலும் படம் கறுக்காது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே பார்த்துச் சோதியுங்கள். தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். உள்ளே பனி படியாததாகவும் இருக்க வேண்டும். நம்முடைய குளிருக்கு இது முக்கியம். கழுத்துவார் மிதக்கிற வகையாக இருந்தால் நல்லது. கடையில் பார்க்கும்போது முழங்கையை எங்கேயும் ஊன்றாதீர்கள். முடிந்தால் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பிரதீபன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாரியாயி கதையையும்தான். போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நல்ல பைனாகுலர் இருந்திருந்தால் அன்றைக்குத் தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களை வாரா வாரம் பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால், பைனாகுலர் இல்லாமலே தெரிந்திருக்கும். வேலை நேரத்தில், கங்காணி நிற்கும்போது, இத்தனை பெண்கள் ஒன்றாகக் கையைத் தூக்கி முன்பின் பேசியிராத இரண்டு ஆட்களுக்கு எதற்காக விளையாட்டுக் காட்ட வேண்டும்? அந்த ஒரு கேள்வி ஏன் எனக்கு அப்போது வரவில்லை? கடையில் தினமும் எழுத்து அட்டையைக் காட்டி, 'என்ன தெரியுது?' என்று ஊரையே கேட்கிறவன் நான்.

இப்போதெல்லாம் கரையில் யார் கையைத் தூக்கினாலும் படகைத் திருப்பிவிடுகிறோம். எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. போன புதன்கிழமைகூட மலையில் ஒரு பெண் கை தூக்கியதைக் கண்டு, அவ்வளவு தூரம் வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பெண் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாளாம். எங்களைப் பார்த்துச் சிரித்து, "ஒன்னுமில்லீங்க, சும்மா," என்றாள்.

'சும்மா' என்ற சொல்லுக்குள் இவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.